இரண்டாவது மடிப்பு

ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தியே மடித்துவிடுவேன் என்று வாய்ச்சவடால் அடிக்கிறவர்கள் யாராவது இருந்தால், எங்கள் சலவைக்கூடத்துக்கு ஒரே ஒரு நாள் வந்து பார்க்கட்டும். ஆஸ்பத்திரி விரிப்பு வீட்டு விரிப்பு மாதிரி இல்லை. நீளம், முரடு, டிரையரிலிருந்து எடுத்த சூட்டில் விரல் நுனி வெந்துபோகும். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு. முப்பதாவது விரிப்பிலேயே பேச்செல்லாம் அடங்கிவிடும்.

முறை என்னவோ சுலபம்தான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நிற்க வேண்டும். ஓர் உதறு உதறி, அகலத்தில் இரண்டாக்க வேண்டும். அப்புறம் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். முனைகள் சந்திக்கிற இடத்தில் ஒருத்தி எல்லா முனைகளையும் வாங்கிக்கொள்வாள். மற்றவள் குனிந்து, கீழே தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி நடை, மறுபடி சந்திப்பு. மொத்தம் மூன்று தடவை. மூன்றாவதில் விரிப்பு தலையணை அளவுக்கு வந்துவிடும். எடுத்து அடுக்கில் வைக்க வேண்டியதுதான்.

பதினோரு வருஷமாக எனக்கு எதிரே நின்றவர் என் அண்ணி. செத்துப்போன என் அண்ணனின் மனைவி. ஆள் ஒட்டடைக்குச்சி உயரம். நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன். அதனால் குனிகிற வேலை எப்போதும் என்னுடையது. “தரை உனக்குத்தான் கிட்ட இருக்கு, நீயே எடு” என்பார். “ஆமா, மழை வந்தா உங்களுக்குத்தானே முதல்ல தெரியும், சொல்லுங்க” என்பேன். பதினோரு வருஷமாக இதே கிண்டல். எங்கள் இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை.

எங்கள் சபையை அரசாங்கம் பூட்டி இரண்டு வருஷமாகிறது. முதலில் வாசலில் முத்திரை வைத்தார்கள். பிறகு போதகரைக் கொண்டுபோனார்கள். பிறகு வீடுகளிலும் கூடக் கூடாது என்றார்கள். நாலு பேர் ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும், அது அவருடைய கடமை என்று தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர். இருந்தாலும் அந்த நோட்டீஸ் வந்ததிலிருந்து என்னைப் பார்த்தால் சட்டென்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். ஆளாளுக்குப் பயம்.

அப்போதுதான் அண்ணிக்கு இந்த யோசனை வந்தது. கூடத்தில் எட்டு மெஷின் ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆனால் விரிப்பின் முனைகள் சந்திக்கும்போது எங்கள் முகங்கள் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும். மூன்று மடிப்பு, மூன்று வரி. முதல் மடிப்பில் அண்ணி சொல்வார்: “ஆண்டவரே, நீங்க இங்க இருக்கீங்க.” இரண்டாவது மடிப்பு என்னுடையது: “எங்களுக்குப் பயமா இருக்கு.” மூன்றாவது மறுபடி அண்ணி: “பயத்தோடயே எங்களை நிக்க வைங்க.” விரிப்பை அடுக்கில் வைக்கும்போது நான் ஆமென் சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் ஆராதனை. பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை.

“நாலு பேர் கூடினாத்தானே குத்தம்? நாம ரெண்டு பேர்தான். அதுவும் பெட்ஷீட்டுக்காகக் கூடுறோம்” என்று சிரித்தார் அண்ணி.

எனக்கு அந்த மூன்றாவது வரி ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. “என்ன அண்ணி இது, கேக்கறதுதான் கேக்கறோம், பயத்தை எடுத்துடுங்கன்னு கேட்டா என்ன? பயத்தோடயே நிக்க வைங்கன்னா, அரைகுறை வேண்டுதலா இல்ல இருக்கு?” என்று சண்டைக்குப் போனேன்.

“அதைக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலிக்குது. போக மாட்டேங்குதே. சரி, அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம பாட்டுக்கு நிப்போம்” என்றார். அதற்குள் அடுத்த விரிப்பு வந்துவிட்டது.

போன மாதம், சபைகளைக் கண்காணிக்கிற பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். எங்கள் சூப்பர்வைசர் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் கடுகு. ஆள் சின்னது, பேச ஆரம்பித்தால் படபடவென்று வெடிப்பார். கண்ணாடிக்காரர் கையில் ஒரு கட்டுத் தாள். எனக்கும் அந்தச் சபைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்கள் வழக்கப்படி நான் வேண்டுவதும் இல்லை என்று அச்சடித்திருந்தது. கீழே பேர், கையெழுத்து.

நான் போட்டேன். யோசித்துப் போட்டேன் என்று சொன்னால்கூட மரியாதையாக இருக்கும். முந்திரிக்கொட்டை மாதிரி முதல் ஆளாகப் போய் நின்று போட்டேன். பேனாவை அவர் நீட்டக்கூட இல்லை, நானே வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற அண்ணி தாளைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். “என் கை வராது தம்பி, மன்னிச்சுக்கோங்க” என்றார். என்னவோ கூடக் கொஞ்சம் சோறு வேண்டாம் என்று சொல்வது மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னார்.

அதற்கப்புறமும் அண்ணி என் எதிரேதான் நின்றார். முதல் மடிப்பில் அவர் வரியைச் சொன்னார். நானும் என் வரியைச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நாலு கத்துக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னைக் கொன்றது.

எட்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு இரண்டு பேர் கூடத்துக்குள் வந்தார்கள். நாங்கள் ஒரு விரிப்பை உதறிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தோம். ஒருவர் அண்ணியின் முழங்கையைப் பிடித்தார். அண்ணியின் கையிலிருந்த முனைகள் தரையில் விழுந்தன. என் முனைகள் என் கையிலேயே இருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்தேன். விழுந்த முனைகளை எடுத்தேன். அழுக்காகிவிட்டதா என்று பார்த்தேன். ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வாசல் கதவு சாத்துகிற அதிர்வு தரையில் தெரிகிற வரைக்கும் நிமிரவில்லை.

இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை மறுத்த அந்தச் சீஷனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம், சே, இப்படியும் ஒரு மனுஷனா என்று உச்சுக் கொட்டியிருக்கிறேன். அவருக்காவது வெளியே போய் அழ நேரம் கிடைத்தது. எனக்கு அன்றைக்கு இன்னும் இருநூற்றுச் சொச்சம் விரிப்பு பாக்கி.

அண்ணி இருந்த இடத்துக்குப் புதிதாக ஒருத்தியைப் போட்டார்கள். அழுக்குத் துணி பிரிக்கிற மேஜையில் இருந்தவள். முப்பது வயசு இருக்கும். வாயைத் திறக்க மாட்டாள். அவளுடைய அண்ணன் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான் என்று கூடம் முழுக்கத் தெரியும். நான் மனதுக்குள் ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்துவிட்டேன். என்னை வேவு பார்க்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விரிப்பைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். உதறு, நட, குனி, நட. மூன்று மடிப்பும் ஊமை மடிப்பு.

வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு கதை. என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் டயர் மாற்றி மாற்றி இடுப்பு போய்விட்டது. ஆறு மாதமாக நாற்காலியும் அவருமாக இருக்கிறார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவர்தான் காவலில் இருந்த அண்ணிக்கு மாற்றுத் துணியும் சோப்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. வாசலில் உறவுமுறை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கையெழுத்து என்றதும் நான் பையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

“பாத்தீங்களா அவங்களை?”

“உள்ள விடல. துணியை மட்டும் வாங்கிக்கிட்டான்.”

“ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?”

“சோப்பு போதும்னு சொல்லச் சொன்னாங்களாம்.”

அண்ணியிடமிருந்து வந்த ஒரே செய்தி அதுதான். சோப்பு போதும்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வார்டு நிரம்பிவிட்டது. விரிப்பு மலையாகக் குவிந்தது. இரண்டு ஷிப்டும் நீங்களே பாருங்கள் என்றார் கடுகு. திங்கள்கிழமை பிற்பகலுக்கெல்லாம் எனக்கு நின்றுகொண்டே தூக்கம். கால் நடக்கிறது, கை பிடிக்கிறது, நான் அங்கே இல்லை. எத்தனையாவது விரிப்போ தெரியாது. முனைகள் சந்தித்தன. எதிரே ஒரு முகம் ஒரு சாண் தூரத்தில் வந்தது. அண்ணி எதிரே நின்றே பழகிய உடம்பு, அந்த இடத்தில் முதல் வரியைக் கேட்கக் காத்திருந்தது. யாரும் சொல்லவில்லை. என் வாயே சொல்லிவிட்டது.

“ஆண்டவரே, நீங்க இங்க இருக்கீங்க.”

ஊமைக்கோட்டான் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரே நொடியில் தூக்கம் பறந்தது. சமாளிக்கலாம் என்று, “அலுப்புல என்னவோ வாயில வருது பாரு” என்று இளித்தேன். அவள் இளிக்கவில்லை. முனைகளை வாங்கிக்கொண்டாள். நான் குனிந்தேன். ஷிப்டு முடிகிற வரைக்கும் வாசல் பக்கமே ஒரு கண்ணை வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை, முதல் விரிப்பு, முதல் மடிப்பு. முகம் கிட்ட வந்ததும் அவள் கேட்டாள்.

“அப்புறம்?”

“என்ன அப்புறம்?”

“அதுக்கு அப்புறம் என்னக்கா?”

“அப்புறம் அடுத்த பெட்ஷீட்டுதான். வேலையைப் பாரு.”

அன்றைக்கு அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. முழுசாகச் சொல்ல வைத்து, முழுசாக எழுதிக்கொடுக்கப் போகிறாள். இவளெல்லாம் வாயைத் திறக்காத வரைக்கும்தான் நல்லது என்று பொருமிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் கடுகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தவுடனே, சரி, ஏதோ வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

“உங்க அண்ணி விஷயம். அவங்க கையெழுத்துப் போடாததுக்குப் பெரிசா ஒண்ணும் பண்ண முடியாதாம். ஆனா வேலை நேரத்துல ஜெபம் பண்ணாங்க, மத்தவங்களையும் இழுத்தாங்கன்னு ஒரு சாட்சி இருந்தா ரெண்டு வருஷம். இருபத்தோரு நாளைக்குள்ள சாட்சி வேணும். இல்லேன்னா விட்டுடணும், அது அவங்க போட்ட சட்டம்தான். நாளன்னிக்கு வியாழக்கிழமை இருபத்தொண்ணு.”

“அதுக்கு நான் என்ன சார் பண்ண?”

“இந்தச் சத்தத்துல அவங்க பேசினது யாருக்குக் கேக்கும்? உனக்கு மட்டும்தான். எதிர்ல நின்னவ நீ. வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடிக்காரரே இங்க வருவாரு. எழுதி எடுத்துட்டு வருவாரு. நீ கையெழுத்துப் போட்டா போதும்.”

“போடலைன்னா?”

கடுகு வெடிக்கவில்லை. அன்றைக்கு அவர் குரல் அமுங்கித்தான் இருந்தது. “போடலைன்னா, ஏன் போடலைன்னு பாப்பாங்க. நீ முன்னாடி போட்ட கையெழுத்தை எடுத்துப் பாப்பாங்க. அது பொய்க் கையெழுத்துன்னா, போடாதவங்களைவிட உனக்குத்தான் அதிகம். வேண்டாம்மா. எனக்கும் குழந்தைங்க இருக்கு. என் கூடத்துல இன்னொரு ஆள் போறதை என்னால பாக்க முடியாது.”

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“போட்டுடு,” என்றார் கடைசியில். “என்னால எழுந்திரிச்சு ஒரு குடம் தண்ணி எடுக்க முடியல. நீயும் போயிட்டா இந்த வீட்டுல நான் எப்படி இருக்கறது? அண்ணி நல்லவங்க. மன்னிச்சுடுவாங்க.”

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. “மன்னிச்சுடுவாங்க, மன்னிச்சுடுவாங்க! அவங்க மன்னிச்சுடுவாங்கங்கற தைரியத்துலதானே எல்லாத்தையும் பண்ணிட்டு வந்து நிக்கறோம்! கெட்டவங்களா இருந்திருந்தா கொஞ்சமாவது யோசிச்சிருப்போம்!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் வானொலியைக் குறைத்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வீட்டில் என் கோபத்தைக்கூட நான் முழுசாகப் படமுடியவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. “எனக்குப் பயமா இருக்குடி” என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். என்னுடைய வரியேதான். மூன்று வாரமாக நான் சொல்லாமல் வைத்திருந்த வரி.

வியாழக்கிழமை வந்தேவிட்டது. நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. போடுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்; உள்ளதைச் சொல்வதில் என்ன. முதல் விரிப்பை எடுத்தோம். முதல் மடிப்பில் ஊமைக்கோட்டான் முகம் கிட்ட வந்தது.

“அப்புறம்?” என்றாள்.

என் பொறுமை அறுந்துபோனது. “எதுக்குடி கேக்கற? முழுசாக் கேட்டு உங்க அண்ணன்கிட்ட ஒப்பிக்கவா?”

விரிப்பு எங்கள் நடுவில் அப்படியே நின்றது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்க அண்ணன்கிட்ட சொல்றதா இருந்தா முதல் வரியே போதும்க்கா. அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

சரிதானே.

“அன்னிக்கு உங்க அண்ணியைக் கூட்டிட்டுப் போகும்போது நான் அந்த மேஜையில நின்னுட்டிருந்தேன்,” என்றாள். “கதவுக்கிட்ட அவங்க திரும்பி நின்னாங்க. உங்களைத்தான் பாத்தாங்க. வாய் என்னவோ சொல்லுச்சு. சொல்லிட்டு நின்னாங்க, நீங்க பதில் சொல்லணும்னு காத்திருக்கற மாதிரி. நீங்க குனிஞ்சே இருந்தீங்க. அப்புறம் இழுத்துட்டுப் போயிட்டாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல. திங்கக்கிழமை நீங்க சொன்னீங்க பாருங்க, அதே வாயசைவு. அதுதான் கேக்கறேன். அதுக்கு என்ன பதில்க்கா? எனக்கு எங்க வீட்டுல ஒவ்வொரு நாளும் பயமா இருக்கு. முதல் வரியை மட்டும் சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். பாதியிலயே நிக்குது.”

அண்ணி திரும்பிப் பார்த்திருக்கிறார். இரண்டு ஆள் நடுவில் நின்றுகொண்டு தன் வரியைச் சொல்லிவிட்டு, என் வரிக்காகக் காத்திருக்கிறார். நான் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது பெரிய துரோகம் என்றுதான் இத்தனை நாள் குமைந்தேன். அது ஒன்றுமே இல்லை. அவர் என்னிடம் தைரியத்தையா கேட்டார்? பயமாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். கூட நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு திறந்தது. கண்ணாடிக்காரர் வந்துவிட்டார்.

கடுகு கையைத் தூக்கி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. அந்தக் கூடம் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்காரர் மடிப்பு மேஜையில் தாளை விரித்தார். படித்துக்காட்டினார். கையெழுத்துப் போடுபவர், மேற்படி பெண்மணி பணி நேரத்தில் வழிபாடு நடத்தியதையும் தன்னை வற்புறுத்தியதையும் கண்ணால் கண்டவர். பேனாவை நீட்டினார். போன தடவை மாதிரி நானாக வாங்கவில்லை.

“என்னம்மா?”

“பயமா இருக்குங்க” என்றேன்.

கூடம் முழுக்கக் கேட்டது. அவர் கனிவாகவே சிரித்தார். “பயப்பட என்ன இருக்கு? போட்டா முடிஞ்சுது.”

“இல்லைங்க. பயமா இருக்கு. போட மாட்டேன்.”

வீரமெல்லாம் ஒன்றும் வரவில்லை; யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பயம் முன்பு இருந்ததைவிட ஒரு படி கூடத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னவுடனே, யாரோ என் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. விரிப்பின் அந்தப் பக்க முனையை யாரோ பிடித்திருக்கிறார்கள். பாரம் அதேதான், பிடிக்க இரண்டு பேர்.

“அந்தப் பொம்பளை ஜெபம் பண்ணதை நீ பாக்கலையா?”

“அவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். என்னைப் பத்தி வேணும்னா எழுதிக்கோங்க. போன மாசம் நான் போட்ட கையெழுத்து பொய். நான் ஆண்டவரை நம்பறேன். தினம் இந்த மேஜைக்கிட்ட நின்னு ஜெபம் பண்றேன்.”

“யார்கூட?”

“யார்கூடன்னு நான் சொல்லலையே. நான் பண்ணேன். அவ்வளவுதான்.”

கடுகு தலையில் கையை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்காரர் தாளைச் சுருட்டினார். சிரிப்பு போய்விட்டது. “வண்டி வர அரை மணி ஆகும். இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு வெளியே போன் பேசப் போனார்.

அரை மணி நேரம் சும்மா என்ன செய்வது? காய்ச்சல் வார்டு விரிப்பு அப்படியே கிடந்தது. நான் ஒன்றை எடுத்து உதறினேன். எதிர் முனைகளை ஊமைக்கோட்டான் வந்து பிடித்தாள். நடந்தோம். முதல் மடிப்பில் அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது மடிப்பில் நான் என் வரியைச் சொன்னேன். எனக்கினி ஒளிக்க என்ன இருக்கிறது, வாய்விட்டே சொன்னேன். மூன்றாவதில் அவள் காதருகே வாயை வைத்து, “இது அண்ணியோட வரி. பத்திரமா வெச்சுக்கோ” என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் அதைக் கேட்டு என்னை மாதிரி சண்டைக்கு வரவில்லை. இரண்டு தடவை தலையாட்டினாள். விரிப்பை அடுக்கில் வைத்தோம்.

பதினேழு விரிப்பு மடித்தபோது வண்டி வந்தது. என் கையிலிருந்த முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கதவருகே திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறியபோது என் வீட்டுக்காரரின் நாற்காலிதான் நினைவில் வந்தது. தண்ணீர்க் குடம் காலி. காலையில் நிரப்பாமல் வந்துவிட்டேன். அதற்காகத்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

வண்டி போய் நின்ற கட்டடத்தில் நீளமான ஒரு நடைவழி இருக்கிறது. பச்சைச் சுவர், இரண்டு பக்கமும் பெஞ்சு. என்னை ஒரு காவலர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எதிர்த் திசையிலிருந்து இன்னொரு காவலர் ஒருத்தரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். ஒட்டடைக்குச்சி உயரம், இன்னும் மெலிந்து, கையில் துணிப் பை. இருபத்தோரு நாள் முடிந்துவிட்டது. சாட்சி வரவில்லை. விட்டுவிட்டார்கள்.

அண்ணி என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் அப்படியே உடைந்தது. “அடிப் பைத்தியக்காரி, நீ எதுக்குடி இங்க வந்த?” என்றார்.

“வீட்டுல தண்ணி இல்ல அண்ணி. போனதும் ஒரு குடம் எடுத்து வெச்சுடுங்க. அவரால முடியாது.”

“எடுக்கறேன்.”

“நடம்மா, நட” என்றார் காவலர். நடந்தோம். அவர் என்னை நோக்கி, நான் அவரை நோக்கி. கிட்ட வந்தபோது, ஒரு சாண் தூரத்தில், அண்ணி தன் வரியைச் சொன்னார். ஆண்டவரே, நீங்க இங்க இருக்கீங்க. இந்த முறை நான் குனியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் வரியைச் சொன்னேன்.

“என்ன பேச்சு அங்க?” என்று என் காவலர் கேட்டார்.

“ஒண்ணுமில்லைங்க. பயமா இருக்குன்னு சொன்னேன்.”

“இருக்கத்தானே செய்யும்” என்று சொல்லி அவர் உள் கதவைத் திறந்தார்.

மூன்றாவது வரியை அண்ணி வெளிவாசலில் நின்று சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை. நான் உள்ளே போய், சுவர் ஓரமாக நின்று, ஆமென் சொன்னேன்.